ஒரு பகலில் ஐந்து தீவுகள்



கிரேக்க நாட்டைக் காணச் செல்வோர் பலரும் விரும்பிச் செய்யும் கடலுலா ஒன்று உண்டு. தலைநகராகிய ஏதென்சை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தில் காலையில் கப்பலேறுவர். சரோனிக் வளைகுடாவில் உள்ள ஹைட்ரா, போரோஸ், ஏஜினா என்னும் மூன்று தீவுகளில் இறங்கிப் பார்ப்பர். மாலையில் பிரேயஸ் திரும்பிவிடுவர். ஹைட்ராவின் தெருக்களில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. கழுதையும் கோவேறு கழுதையுமே சுமை தூக்குகின்றன. போரோசைப் பெருநிலத்திலிருந்து பிரிப்பது ஒரு குறுகிய நீரிணையே. ஏஜினாவில் கி.மு. 500-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அஃபையா தேவதையின் கோயில் குன்றின்மேல் நிற்கிறது. துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் அரசு 1828-இல் அத்தீவில்தான் அமர்ந்திருந்தது.

இவ்வளவையும் பயணிகள் காண்கின்றனர், படமும் பிடித்துக்கொள்கின்றனர். ஆயின், ‘நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த இவ்வூர்களில் மக்கள் எந்த நீரைக் குடிக்கின்றனர்?’ என்று கேட்போர் மிகச் சிலரே. ஹைட்ரா என்னும் பெயரே நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பண்டைக் காலத்தில் அங்கே ஊற்றுகள் இருந்தனவாம். பின்னர் அவை போதாமற்போகவே, மக்கள் வீடுதோறும் நிலத்தடித் தொட்டி கட்டி மழைநீரைச் சேமித்தனர். அதற்குப் பின் கப்பலில் நீர் வந்தது. இப்போது கடல்நீரை எந்திரத்தால் நன்னீராக்கிக் குடிக்கின்றனர். நீரின் பெயரைத் தாங்கிய தீவு நீருக்காக இத்தனை வழிகளைத் தேட நேர்ந்தது. தீவு என்பது நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலம் என்று நாம் புவியியல் பாடத்தில் படிக்கிறோம். அந்த இலக்கணம் நிறைவானதன்று. குடிக்க நீர் இருந்தால்தான் அந்நிலம் ஊராகும். இல்லையேல் அது வெறும் திட்டு.

இந்த உண்மையைக் காண நாம் கிரேக்கம்வரை செல்ல வேண்டுவதில்லை. ஒரு பகலில் பல தீவுகளைக் கண்டு திரும்பும் பயணம் நமக்கு அண்மையிலேயே உண்டு. அங்கே பேசப்படுவதும் நம் மொழியே. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுக் கூட்டத்தைச் சொல்கிறேன். அப்பகுதியைத் தீவகம் என்று அங்குள்ளோர் வழங்குகின்றனர்.

முண்டியம்பாக்கத்தில் ரயிலேறி விழுப்புரம், கடலூர் வழியாக நாகப்பட்டினம் சென்றால், அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நெடுங்காலம் நின்றிருந்த இந்தக் கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், அவ்வழியே சென்று தீவகத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய ஏழும் தீவகத்தின் பெரிய தீவுகள். இவையன்றி மண்டைதீவு போன்ற சிறியனவும் உள்ளன. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. அப்பெயர்களுள் பல ஏட்டளவில் நின்றுவிட்டன. டெல்ஃப்ட் என்பது மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது.

பயணம் யாழ்ப்பாண நகரில், பண்ணை என்னுமிடத்தில் தொடங்குகிறது. ஆழமற்ற கடலின் நடுவே கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய சாலையை அங்கே தாம்போதி என்கின்றனர். பண்ணைத் தாம்போதி வழியாக, மண்டைதீவை ஒருபுறம் விட்டு, வேலணைத் தீவை அடைகிறோம். பனைமரங்களும் தரிசு வெளிகளும் இருமருங்கும் விரிகின்றன. பின்னர் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுள்ள மற்றொரு தாம்போதி நம்மைப் புங்குடுதீவில் சேர்க்கிறது. அது அமைய உழைத்த வாணர் சகோதரரின் பெயரால் அதனை வாணர் தாம்போதி என்பர்.

புங்குடுதீவில் நம் கண்ணில் முதலில் படுவன கூரையிழந்த வீடுகள். 1990-இல் போர் தீவகத்தை எட்டியபோது மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். பலர் கனடா, பிரான்சு, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் நிலைத்துவிட்டனர். அவ்வீடுகளின் முற்றத்தில் ஒவ்வொரு கிணறு இருக்கிறது. இறைக்க ஆளில்லாத கிணறு தூர்ந்துபோகும். துப்புரவு செய்ய ஆளில்லாத குளம் மண்மேடாகும். எனவே, மீண்டு வருவோர் முதலில் கேட்பது கிணற்றின் நிலையைத்தான்.

புங்குடுதீவின் மேற்கு ஓரத்தில் குறிகட்டுவான் இறங்குதுறை உள்ளது. இனித்தான் படகு. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அரிசி மூட்டை, சைக்கிள், எரிவாயு உருளை, பள்ளி ஆசிரியர், நோயாளி, பயணி எனப் பல சுமைகளும் பல மனிதரும் ஒரே படகில் செல்கின்றனர். கரைநாட்டார்க்குச் சாலை எப்படியோ, அப்படியே இவர்களுக்குப் படகு. இதே வழியில் 1985 மே 15 அன்று, ‘குமுதினி’ என்னும் பயணப் படகை நடுக்கடலில் மறித்தவர்கள், பெண்டிரும் குழந்தைகளும் உள்ளிட்ட பயணிகளை வெட்டிக் கொன்றனர். மறித்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் கூறினர். மறுநாளும் தீவார்க்கு அக்கடலைக் கடப்பதையன்றி வேறு வழியில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ளது. வேலிகள் முள்ளாலோ ஓலையாலோ ஆனவை அல்ல. பவளப்பாறைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெளியில் கூட்டமாக மேய்கின்றன. ஒல்லாந்தர் செய்தி கொண்டு செல்லப் புறா வளர்த்த கூண்டுக் கோபுரம் ஒன்றும் நிற்கிறது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் ஒன்று அகன்ற அடியுடன் பருத்து நிற்கிறது. அராபிய வணிகர் அதைக் கொணர்ந்திருக்கலாம் என்பர். மழைக்காலத்து நீரைத் தன் பருத்த உடலில் தேக்கிவைத்து வறட்சியைக் கடப்பது அம்மரத்தின் இயல்பு. அத்தீவில் வாழ்வதற்கு ஏற்ற கல்வி அதுவே போலும்! கடும் வறட்சிக் காலங்களில் மேய்ச்சற் குதிரைகள் நீரின்றி மடிந்ததும் உண்டு.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஆறில்லை, மலையில்லை, கடலோ கூப்பிடு தூரம். அப்படியிருந்தும் இங்கே கிணறு தோண்டினால் சில இடங்களில் நல்ல நீர் கிடைக்கிறது. அது எங்கிருந்து வருகிறது?

இத்தீவுகளின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். நுண்துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது அது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை அத்துளைகளின் வழியே கீழே இறங்குகிறது. சுற்றியுள்ள கடலின் உப்புநீரும் அதே துளைகளின் வழியே நிலத்தடியில் புகுந்து நிற்கிறது. ஒரே பாறையில் இரண்டு நீரும் சந்திக்கின்றன. அவை ஏன் உடனே கலந்துவிடவில்லை?

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எளிதாக ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி அளவு நீர் எடுத்து, உப்பை நன்றாகக் கரையுங்கள். மற்றொரு பாத்திரத்தில் நல்ல நீரில் ஒரு துளி மையைக் கலந்துகொள்ளுங்கள். ஒரு கரண்டியை உப்புநீரின் மேற்பரப்பில் பிடித்து, அதன்மீது மைநீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். நிறமுள்ள நன்னீர் மேலே தனியடுக்காக நிற்பதைக் காண்பீர்கள். கரண்டியால் கலக்கினால் அடுக்கு அழிந்துவிடும். தீவின் அடியில் இயற்கை செய்வதும் இதுவே. மழைநீர் கனம் குறைந்தது. கடல்நீர் கனம் மிகுந்தது. ஆகவே மழைநீர், கடல்நீரின்மேல் மிதக்கிறது. பாறையின் துளைகள் மிகச் சிறியனவாதலின் கலக்கம் மெதுவாகவே நிகழ்கிறது. இந்த நன்னீர்த் திரள் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும், உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போன்ற வடிவில் இருக்கும். அதனால் தீவின் நடுப்பகுதியில் தோண்டிய கிணறு இனிக்கும். கரையோரக் கிணறு கரிக்கும்.

இத்திரள் எவ்வளவு ஆழம் செல்லும்? கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் நன்னீரின் எடை 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிராம். 41 அடி உயர நன்னீர்த் தூண், 40 அடி உயரக் கடல்நீர்த் தூணுக்கு எடையில் சமம். 41-ஐ ஆயிரத்தாலும் 40-ஐ 1,025-ஆலும் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 41,000. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே தெரிவது ஒரு பங்கு. மறைந்திருப்பது நாற்பது பங்கு.

இந்த விதியை முதலில் கூறியோருள் ஒருவர் பாடன் கைபன் என்னும் ஒல்லாந்துப் பொறியியலாளர். ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அருகே கிணறு தோண்டும் திட்டத்தையொட்டி, 1880-களின் இறுதியில் அவர் இதை எழுதினார். வடகடல் தீவுகளை ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜெர்மானியர் 1901-இல் தனியே இதே முடிவை வெளியிட்டார். இருவர் பெயராலும் இவ்விதி வழங்குகிறது. ஆம்ஸ்டர்டாம் என்ற பெயரைக் காரைதீவுக்கு ஒல்லாந்தர் சூட்டி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அத்தீவின் கிணறு ஏன் இனிக்கிறது என்பதற்குரிய விடை உண்மையான ஆம்ஸ்டர்டாமின் அருகிலிருந்தே கிடைத்தது!

விதியின் மறுபக்கத்தையும் நாம் அறிய வேண்டும். மேலே நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்து, அப்படியே நீடித்தால், கீழேயிருந்து உப்புநீர் நாளடைவில் 40 அடி உயர்ந்துவிடும். நம் ஊரில் ஏற்றம் என்பதை யாழ்ப்பாணத்தார் துலா என்பர். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலிமையே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இரவில் கிணறு ஊறியது. எந்திர இறைப்பு வந்தபின் அந்த எல்லை போயிற்று. மிகுதியாக இறைத்த கிணற்றில் ஒருநாள் நீர் வற்றாது. ஆனால் உவர்க்கத் தொடங்கும். வற்றிய கிணறு அடுத்த மழையில் நிரம்பிவிடும். உவர்த்த கிணறு திருந்தப் பல மழைக்காலம் வேண்டும்.

நெடுந்தீவிலிருந்து பகற்பொழுதில் குறிகட்டுவான் மீண்டு, அங்கிருந்து வேறு படகில் நயினாதீவு சேர்கிறோம். இது இருபது நிமிடத்துக்குள் முடியும் பயணம். இறங்குதுறைக்கு எதிரே நாகபூஷணி அம்மன் கோயிலின் கோபுரம் நிற்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிக்கப்பட்ட இக்கோயில் 1788-இல் மீண்டும் எழுந்தது. ஆனி மாதத்துப் பதினாறு நாள் திருவிழாவில் தீவின் மக்கட்டொகையினும் பன்மடங்கு மக்கள் வந்து கூடுவர். சற்றே தள்ளி நாகதீப விகாரை உள்ளது. மணி பதித்த அரியணைக்காகப் போரிட்ட நாக அரசர் இருவரைப் புத்தர் பெருமான் இங்கு வந்து சமாதானம் செய்தார் என்பது மகாவம்சம் கூறும் செய்தி. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவத் தீவும் இதுவே எனக் கருதும் அறிஞர் உண்டு, மறுப்போரும் உண்டு. காப்பியத்தில், வற்றாத அமுதசுரபி தோன்றுவது அத்தீவின் கோமுகி என்னும் பொய்கையில்தான். உப்புக்கடலின் நடுவே ஒரு நன்னீர்ப் பொய்கையைக் கண்ட வியப்பே அக்கதைக்கு வித்தாயிற்றோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நயினாதீவில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. அது முதலாம் பராக்கிரமபாகு என்னும் சிங்கள மன்னனின் தமிழ்க் கல்வெட்டு. அவன் ஆட்சிக்காலம் 1153 முதல் 1186 வரை. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அக்கல்வெட்டு தெரிவிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் சேரும். பிற பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி. கடலில் அனைத்தையும் இழந்து கரையேறியவனைக் கொள்ளையிடலாகாது என்பதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. அதுவும், சிங்கள அரசன் தமிழில் எழுதுவித்தான் என்பதை மாணவர்கள் மறவாதிருத்தல் நன்று.

அவ்வூராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. வேலணைத் தீவின் வடமுனையில் உள்ள இத்துறையிலிருந்து யானைகள் கப்பலேறின. யானைத்துறை என்னும் பொருள்படப் போர்த்துக்கேயர் வைத்த பெயரிலிருந்தே கைற்ஸ் என்ற ஆங்கிலப் பெயர் தோன்றியது. இதனை அடுத்த கரம்பனில்தான் 1913-இல் தனிநாயகம் அடிகளார் பிறந்தார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964-இல் தோன்றவும், முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடவும் உழைத்த பெருமகனார் அவர். சிறிய தீவொன்றில் பிறந்தவர் உலகத்தை ஓர் அவையில் கூட்டினார்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடலின் நடுவில் ஒரு கோட்டை மிதப்பதுபோல் காட்சி தருகிறது. ஒல்லாந்தர் அதற்கு இட்ட பெயர் ஹம்மன்ஹீல். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை 1658-இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். சுற்றிலும் கடல்; தடித்த மதில்; பீரங்கி. எனினும் சில நாட்களில் கோட்டை பணிந்தது. காரணம், உள்ளே சேமித்திருந்த குடிநீர் அற்றுப்போயிற்று. தன் அடியில் நன்னீர் இல்லாத திட்டில் எவ்வளவு வலிய மதில் எழுப்பினும் பயனில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அக்கோட்டையைப் பார்த்தவாறே கடலைக் கடக்கலாம். வண்டிகளையும் மனிதரையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் மிதவைக்கு அங்கே ‘பாதை’ என்றே பெயர். கடலையே பாதையாகக் கொண்ட மக்கள் அச்சொல்லைக் கடக்கும் கலத்துக்கே இட்டுவிட்டனர். பாதை நம்மைக் காரைநகரில் சேர்க்கிறது. அங்கிருந்து பொன்னாலைத் தாம்போதி வழியாக மாலையில் யாழ்ப்பாணம் திரும்பலாம். வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு, நயினாதீவு, காரைநகர் என ஐந்து தீவுகளை ஒரு பகலில் கண்டாயிற்று.

இன்று எந்திரம் உதவிக்கு வந்துள்ளது. நெடுந்தீவில் உவர்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிழக்கே தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர், அதாவது 2 கோடியே 40 லட்சம் லிட்டர் நீர் தரவல்ல பெரிய நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆயின் எந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் காற்றாலும் கதிரவனாலும் மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கு இந்தியா 2022-இல் இலங்கையுடன் உடன்படிக்கை செய்தது. இவை நல்ல முயற்சிகள். எனினும் எந்திரம் தருவது விலையுள்ள நீர். மழை தருவது விலையில்லா நீர். முன்னதை நம்பிப் பின்னதைக் கெடுத்துக்கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது.

‘இவையெல்லாம் தீவாரின் கவலை; நமக்கென்ன?’ என்று எண்ண வேண்டா. முண்டியம்பாக்கம் பெருநிலத்து ஊர்தான். 2024 டிசம்பர் 2-இல் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, ரயில்கள் நிறுத்தப்பட்டதை நாம் கண்டோம். நீர் மிகுந்து தவித்த நாள் அது. ஆயினும் திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் சென்றால் உப்பளங்கள் தோன்றும். அங்கே கடல்நீரும் நிலத்தடி நன்னீரும் சந்திக்கும் விதி நெடுந்தீவின் விதியே. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நிலத்தினுள் முன்னேறும். தீவில் நான்கு திசையிலிருந்தும் வரும். நமக்கு ஒரு திசையிலிருந்து வரும். வேற்றுமை அவ்வளவே.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி கீழே உள்ளது என்பதை மாதந்தோறும் முதல் நாள் அளந்து குறியுங்கள். கடற்கரை ஊர் மாணவராயின், நீரின் சுவை மாறுகிறதா என்பதைக் கிணற்றுக்குரியோரிடம் கேட்டு அதனையும் எழுதுங்கள். ஐப்பசியில் தொடங்கி அடுத்த புரட்டாசி வரை எழுதினால் பன்னிரண்டு எண்கள் கிடைக்கும். அவற்றை வரைபடமாக வரைந்து வகுப்பில் மாட்டுங்கள். மண்ணுக்கு அடியில் இருப்பதால் நாம் நினையாதிருக்கும் நீர், அவ்வரைபடத்தில் ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.